எட்டு மில்லிமீட்டர்

எர்ணாவூர் கேட் தாண்டி
மூடிப்போன ஐஸ் ஃபேக்டரி ஷெட்டில்
சூரியனுக்குச் சுவர் செய்கிறோம்.
முழுச் சுவர் இல்லை, ஒரு துண்டு.
தீப்பெட்டியைவிடச் சின்னது.
கையில் வாங்குகிறவர்கள் எல்லாரும்
ஒரு முறை கீழே போடப் பார்ப்பார்கள்,
டங்ஸ்டன் அவ்வளவு கனம்.
நடுவில் துளை, துளைக்குள் தாமிரக் குழாய்,
குழாய்க்குள் தண்ணீர்.
நெருப்பின் முகத்துக்கும் அந்தக் குழாய்க்கும் இடையே
எட்டு மில்லிமீட்டர்.

பத்து விநாடி சூடு, பத்து விநாடி ஆறல்.
ஆயிரம் முறை தாங்கினால்
பில் பாஸாகும்.

எட்டியப்பனுக்கு இது வேடிக்கை.
லாரியில் பாறை கொண்டுவந்து
கடலோரம் கொட்டுகிறவன்.
"உன் சுவரு இன்னா சைஸு?"
காட்டினேன்.
"என் கல்லு ஒண்ணு மூணு டன்னு.
அதையே அலை தின்னுட்டுப் போவுது.
இங்க போட்டா அடுத்த குப்பத்துல கடிக்குது.
கடலு எங்கயாவது கடிச்சுதானே ஆவணும்?"

எங்கள் சுவர் உதிரக் கூடாது.
அதுதான் முதல் கவலை.
லட்சத்தில் சில அணு
பெயர்ந்து உள்ளே போனாலே போதும்,
பதினைந்து கோடி டிகிரியும்
ஜுரம் விட்டதுபோல் இறங்கிவிடும்.
நெருப்பிடமிருந்து சுவரைக் காப்பது என்றுதான்
வேலைக்குச் சேரும்போது நினைத்திருந்தேன்.
சுவரிடமிருந்து நெருப்பையும்
காக்க வேண்டியிருக்கிறது.

அந்த நெருப்பைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும்,
அந்தரத்தில், எதையும் தொடவிடாமல்.
ஆனாலும் கழிவு என்று ஒன்று உண்டே.
அதற்காக உலையின் அடியில்
ஓரமாய் ஒரு பள்ளம்.
எரிந்ததன் சாம்பல், மிஞ்சிய சூடு எல்லாம்
அங்கேதான் வந்து விழும்.
எங்கள் துண்டு உட்காரப்போவதும் அங்கேதான்.
புனேயிலிருந்து வந்தவர் வரைபடத்தில் அதைக் காட்டினார்.
ஹாஜிரா எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"மணலியா?"
நாங்கள் சிரித்தோம்.
அவருக்குப் புரியவில்லை.
யாரும் விளக்கவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில்
கேமராவில் ஒரு மூலை மட்டும் வெளுத்தது.
ஒட்டு விட்டிருக்கிறது.
அறுத்து, மெருகேற்றி,
மைக்ரோஸ்கோப்பில் வைத்தோம்.
டங்ஸ்டனும் தாமிரமும் கைகோத்த இடத்தில்
ஒரு கண்ணாடி மணி.
அவ்வளவு உருண்டை, அவ்வளவு அழகு.
எங்கள் கொடியில் காயும் யூனிஃபார்மிலிருந்து
தினமும் நான் உதறுகிறது.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.

அன்றைக்கு ரிப்போர்ட்டில்
'அந்நியத் துகள்' என்று எழுதினார்கள்.
அந்நியமா?
நாங்கள் பிறந்ததிலிருந்து
மூச்சில் வைத்திருக்கிறோம்.

இந்தப் புது நெருப்புக்கும் சாம்பல் உண்டு.
ஹீலியம்.
பலூனில் அடைத்துப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம்.
இன்னொரு உபாயமும் சொல்கிறார்கள்:
சூடு பள்ளத்தில் விழும் முன்னே
கொஞ்சம் நியான் ஊதிவிட்டால்
அது வெளிச்சமாய்ச் சிதறி
எல்லாச் சுவர் மேலும்
கொஞ்சம் கொஞ்சமாய்ப் படுமாம்.
பள்ளத்துக்கு மட்டும் என்றிருந்தது
பங்காகிவிடும்.
ஹாஜிரா இதைக் கேட்டு
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "ஊதறதுக்கு யாரு?" என்றாள்.

இரண்டாவது துண்டுக்கு
ஜன்னலெல்லாம் டேப் ஒட்டினோம்.
கதவிடுக்கில் ஈரச் சாக்கு.
தரையை மூன்று தரம் துடைத்தோம்,
மூன்றாவது தரமும் தண்ணீர் கறுத்தது.

இப்போது மணி இரண்டேகால்.
எண்ணூற்று ஆறு.
எட்டியப்பனின் லாரி போகிறது,
ஷெட் அதிர்கிறது,
முள் நடுங்கிவிட்டு நிற்கிறது.
எண்ணூற்று ஏழு.
குழாயின் வெளிவாய்க்குப் போய்
மேலே கையை வைத்துப் பார்த்தேன்.
வெதுவெதுப்பு.
அவ்வளவுதான்.
பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டலாம்.